மடிக்கணினியை உண்மையில் யார் செய்கிறார்கள், அதைப் பத்தாண்டு எப்படி வைத்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

மடிக்கணினி வாங்கக் கடைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எந்த பிராண்டு நல்லது?" என்பதுதான். விற்பனையாளரும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். அநேகமாக அன்று அவரிடம் இருப்பு அதிகமுள்ள பெட்டியின் பெயராக அது இருக்கும். எட்டு, பத்து ஆண்டுகள் ஒரே கணினியை வைத்துப் புழங்க நினைப்பவருக்கு அந்தக் கேள்வியால் அதிகப் பயன் இல்லை. மூடியில் பெயர் பொறித்திருக்கும் நிறுவனம் பல நேரங்களில் அந்தக் கணினியைத் தானே செய்வதில்லை. அதன் உள்ளே இருக்கும் பாகங்களில் ஒன்றைக்கூடத் தன் ஆலையில் தயாரிக்காத பிராண்டுகளும் உண்டு. எனவே, வைத்திருக்கப்போகும் ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்குமா, அதைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதையே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு உற்பத்தி எப்படி நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

படி 1: பெயருக்குப் பின்னால் இருப்பவர்களை அறிதல்

உலகச் சந்தையில் விற்பனையாகும் மடிக்கணினிகளில் பெரும்பங்கைச் செய்து கொடுப்பவை தைவானைச் சேர்ந்த சில நிறுவனங்கள். 1988-இல் பேரி லாம் முதலியோர் தொடங்கிய குவாண்டா, 1984-இல் தொடங்கப்பட்ட காம்பல், 1975 முதல் இயங்கும் இன்வென்டெக், 2001-இல் ஏசரிலிருந்து பிரிந்து வந்த விஸ்ட்ரான், ஆசுஸ் தன் உற்பத்திப் பிரிவைத் தனியாக்கியபோது உருவான பெகட்ரான் ஆகிய ஐந்தும் இத்துறையில் முதன்மையானவை. டெல், எச்பி, ஏசர், ஆசுஸ், லெனோவோ என எந்தப் பெயரை எடுத்தாலும் அதன் மாடல்களில் ஒரு பகுதி இவற்றில் ஏதேனும் ஒன்றின் ஆலையிலிருந்து வந்திருக்கும். ஆப்பிளின் மேக்புக்குகள்கூட குவாண்டா, ஃபாக்ஸ்கான் போன்றவற்றின் ஆலைகளில்தான் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. நிறுவனங்கள் தைவானுடையவை என்றாலும் ஆலைகள் நெடுங்காலம் சீனாவின் ஷாங்காய், குன்ஷான் பகுதிகளில் இருந்தன. பிறகு சீனாவின் உட்பகுதி நகரங்களான சோங்கிங், செங்டுவுக்கும், அண்மை ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்துக்கும் அவை பரவியிருக்கின்றன.

இவை வெறும் கூலிக்கு ஒன்றுசேர்த்துத் தரும் ஆலைகள் என்று நினைத்துவிடக் கூடாது. மதர்போர்டின் சுற்றமைப்பு, குளிரூட்டும் அமைப்பு, உடற்கூட்டின் அச்சு ஆகியவற்றை இவற்றின் பொறியாளர்களே பல மாடல்களில் வரைகிறார்கள். பிராண்டு நிறுவனம் விலை, எடை, பிராசஸர், தோற்றம், எந்தச் சோதனைகளில் தேற வேண்டும் ஆகியவற்றை வகுத்துக் கொடுக்கும். பல பிராண்டுகள், குறிப்பாக விலை உயர்ந்த வரிசைகளில், வடிவமைப்பிலும் ஆழமாகப் பங்கேற்கும். இதன் மறுகோடியில் இருப்பது தைவானின் கிளெவோ. அது பெயர் பொறிக்காத முழு உடற்கூட்டையே விற்கிறது. அமெரிக்காவின் சேஜர், சிஸ்டம்76 போன்றவை அதை வாங்கி, நினைவகமும் சேமிப்பகமும் பொருத்தித் தம் பெயரில் விற்றுவந்திருக்கின்றன.

லெனோவோவின் கதை சற்று வேறு. 2005-இல் ஐபிஎம்மின் தனிக்கணினிப் பிரிவைத் திங்க்பேடு பெயரோடு வாங்கிய அந்த நிறுவனம், 2011-இல் காம்பலுடன் சேர்ந்து சீனாவின் ஹெஃபெய் நகரில் எல்சிஎஃப்சி என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கிப் பிறகு அதை முழுமையாகத் தன்வசமாக்கிக்கொண்டது. ஆகவே லெனோவோ தன் கணினிகளில் கணிசமான பங்கைச் சொந்த ஆலையிலும் மீதியை வெளியிலும் செய்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. டெல் 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்துகிறது. எச்பியின் மடிக்கணினிகள் அதே ஊரில் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஆலையில் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஆலை இருக்கிறது. இந்திய அரசு 2023 மே மாதம் கணினி வன்பொருள் உற்பத்திக்கென 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தபின் வேறு நிறுவனங்களும் சென்னையைச் சுற்றி இவ்வேலையில் இறங்கியுள்ளன. இருப்பினும், "மேட் இன் இந்தியா" என்று அச்சிட்டிருந்தால் டிஸ்ப்ளேயும் பிராசஸரும் இங்கே பிறந்தவை என்று பொருளில்லை. அவை இன்னமும் வெளியிலிருந்துதான் வருகின்றன.

படி 2: கையிலிருக்கும் கணினியைச் செய்தவரைக் கண்டுபிடித்தல்

இதற்கு எளிய வழி ஒன்று இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு மடிக்கணினியின் அடிப்புறத்திலும் இருக்கிறது. அங்குள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரைக்குப் பக்கத்தில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண் ஒன்று சிறு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இந்தப் பதிவு பிராண்டுக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை; குறிப்பிட்ட ஆலைக்கே கொடுக்கப்படுகிறது. அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை உள்ளிட்டால், உற்பத்தி செய்த நிறுவனத்தின் பெயரும் ஆலை முகவரியும் வந்துவிடும். மூடியில் ஒரு பெயரும் செயலியில் வேறொரு பெயரும் இருப்பதை முதன்முறை பார்ப்பவர்கள் வியப்படைவதுண்டு. சார்ஜருக்கும் தனிப் பதிவெண் இருக்கிறது. கடையில் "ஒரிஜினல்" என்று நீட்டப்படும் மாற்றுச் சார்ஜரின் வண்டவாளத்தை அதைக்கொண்டே அறிந்துகொள்ளலாம்.

அடிமூடியைக் கழற்றினால் இன்னும் தெளிவான சான்று கிடைக்கும். மதர்போர்டில், பெரும்பாலும் நினைவக ஸ்லாட்டுக்கு அருகிலோ அதற்கு அடியிலோ, வெள்ளை எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அது எல்ஏ என்று தொடங்கி ஒரு கோடும் எண்களும் தொடர்ந்தால் போர்டு காம்பலுடையது. டிஏ0 என்று தொடங்கினால் குவாண்டா; 6050ஏ என்றால் இன்வென்டெக்; என்எம் என்று தொடங்கினால் எல்சிஎஃப்சி. சென்னை ரிச்சி தெருவில் சிப் லெவல் வேலை, அதாவது போர்டிலுள்ள சிறு பாகங்களைத் தனித்தனியே மாற்றிப் பழுதுபார்க்கும் வேலை, செய்யும் தொழில்நுட்பர் ஒருவர் கணினியைத் திறந்தவுடன் முதலில் தேடுவது இந்தக் குறியீட்டைத்தான். மாடல் பெயரைவிட அவருக்கு அதுவே முக்கியம். சுற்றுப்படம் அந்தக் குறியீட்டின் பெயரில்தான் கிடைக்கும்.

டிஸ்ப்ளேயின் பின்புறமும் இப்படியே பேசும். என்வி156 என்று தொடங்கும் பேனல் சீனாவின் பிஓஇ நிறுவனத்துடையது, பி156 என்றால் தைவானின் ஏயூ ஆப்ட்ரானிக்ஸ், என்156 என்றால் இனோலக்ஸ், எல்பி156 என்றால் எல்ஜி டிஸ்ப்ளே. இவற்றில் வரும் 156 என்பது 15.6 அங்குலத்தைக் குறிக்கிறது. ஒரே மாடலின் இரண்டு கணினிகளில் இரண்டு வேறு நிறுவனங்களின் பேனல்கள் இருப்பது மிக இயல்பு. அதனால்தான் இணையத்தில் ஒருவர் "திரை பிரமாதம்" என்றும் இன்னொருவர் "நிறம் வெளிறியிருக்கிறது" என்றும் எழுதுகிறார்கள். இருவரும் உண்மையே சொல்லியிருக்கக்கூடும். விண்டோஸ் உருவாக்கித் தரும் பேட்டரி அறிக்கையில் உற்பத்தியாளர் என்ற இடத்தில் எஸ்எம்பி என்று இருந்தால் அது தைவானின் சிம்ப்ளோ, எல்ஜிசி என்றால் கொரியாவின் எல்ஜி கெம்.

படி 3: அந்தத் தகவலை அளவோடு எடைபோடுதல்

"இரண்டும் ஒரே ஆலையில் செய்தவைதானே, பிறகு எதற்கு விலை அதிகமானதை வாங்க வேண்டும்?" என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. அது பாதிதான் சரி. ஆலை தன்னிடம் கேட்ட தரத்தைச் செய்து கொடுக்கும். அதே குவாண்டா, ஒரு மாடலுக்கு மக்னீசியக் கலவை உடலையும் இன்னொன்றுக்கு மெல்லிய பிளாஸ்டிக்கையும் போடுவது பிராண்டு ஒதுக்கிய பணத்தைப் பொறுத்தது. எனவே ஆலையின் பெயரைக் கொண்டு தரத்தை முடிவு செய்வதைவிட, பிராண்டுக்குள் எந்த வரிசை என்று பார்ப்பதே பயன் தரும். ஒரே பிராண்டின் முப்பதாயிரம் ரூபாய் வரிசைக்கும் அலுவலக வரிசைக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு பிராண்டுகளின் அலுவலக வரிசைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட மிகப் பெரியது.

ஆனால் பாகம் செய்பவரின் பிழை பிராண்டு பார்ப்பதில்லை. 2006 ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளைத் திரும்பக் கேட்டது. அடுத்து லெனோவோவும் தோஷிபாவும் சேர்ந்துகொண்டன. காரணம் ஒன்றே: எல்லாவற்றின் உள்ளேயும் இருந்தவை சோனி தயாரித்த செல்கள், உற்பத்தியின்போது அவற்றுக்குள் கலந்துவிட்ட நுண்ணிய உலோகத் துகள்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஏற்படுத்தித் தீப்பற்றச் செய்தன. 2008-இல் என்விடியா தன் மடிக்கணினி கிராபிக்ஸ் சிப்கள் சிலவற்றின் பொதியில் (சிப்பைச் சுற்றியுள்ள உறையில்) குறையிருப்பதை ஒப்புக்கொண்டபோதும் எச்பி, டெல், ஆப்பிள் மூன்றின் வாடிக்கையாளர்களும் ஒன்றாகவே பாதிக்கப்பட்டார்கள். புதிதாக வந்த பிராசஸரோ வடிவமைப்போ உள்ள மாடலை முதல் சில மாதங்களில் வாங்காமல், ஓராண்டு கழித்து வாங்குவது நல்லது என்று சொல்வதற்கு இதுவே காரணம். அதற்குள் பொதுவான குறைகள் வெளிவந்துவிடும், விலையும் இறங்கியிருக்கும்.

படி 4: நீண்ட காலத்துக்கு ஏற்றதை வாங்குதல்

வாங்கும் முன் அந்த மாடலின் பராமரிப்புக் கையேட்டைப் பதிவிறக்கிப் படியுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் தம் கையேடுகளைக் கட்டணமின்றி வெளியிடுகின்றன. பேட்டரியை எடுக்க எத்தனை திருகாணிகள், கீபோர்டை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, விசிறியை எடுக்க மதர்போர்டையே வெளியே எடுக்க வேண்டுமா என்ற மூன்றையும் அதில் பாருங்கள். பல விலை குறைந்த மாடல்களில் கீபோர்டு மேற்தட்டோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். ஒரு விசை போனாலும் மேற்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். கையேடே கிடைக்காத கணினியைப் பத்தாண்டுக்கு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நினைவகம் போர்டில் பற்றவைக்கப்பட்டதா, ஸ்லாட்டில் பொருத்தப்பட்டதா என்பது அடுத்தது. இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி போன்ற சில பிராசஸர்களில் நினைவகம் சிப்பின் பொதியிலேயே அடங்கியிருக்கிறது. அப்படிப்பட்டவற்றை வாங்கினால் இன்றைய தேவைக்கு இரண்டு மடங்கு நினைவகத்தோடு வாங்க வேண்டும். பின்னால் சேர்க்க வழியே இல்லை. சேமிப்பகம் கழற்றி மாற்றக்கூடிய எம்.2 ஸ்லாட்டில் இருந்தால் கவலையில்லை.

பலரும் கவனிக்காமல் விடுவது ஹிஞ்ச், அதாவது திரையை உடலோடு இணைக்கும் கீல். மலிவான மாடல்களில் ஹிஞ்சின் திருகாணிகள் பிளாஸ்டிக்கில் அழுத்திப் பதித்த பித்தளை நட்டுகளில் ஏறியிருக்கும். ஆண்டுகள் போகப்போக ஹிஞ்ச் இறுகும். திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை பிளாஸ்டிக்கின் மேல் இறங்கும். ஒரு நாள் நட்டு பெயர்ந்து, மூடியின் ஓரம் வாய் பிளந்து நிற்கும். கடையில் திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். மறுமூலை தாமதமாக வந்தாலோ, அடித்தட்டு கூடவே எழும்பினாலோ அந்த மாடலை விட்டுவிடலாம். சார்ஜ் ஏற்றும் டைப்-சி துளை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் அப்படிப்பட்ட இரண்டு துளைகளாவது இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்றொன்றில் காலம் தள்ளலாம்.

புதியதற்குப் பணம் போதாதவர்கள், நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டு வெளியேற்றும் டெல் லேட்டிட்யூட், லெனோவோ திங்க்பேடு, எச்பி எலைட்புக் கணினிகளைப் பார்க்கலாம். ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருவதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இராது. ஆனால் பணம் கொடுக்கும் முன், கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் கடவுச்சொல் பூட்டு இல்லை என்பதையும், விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது பழைய நிறுவனத்தின் உள்நுழைவுத் திரை வரவில்லை என்பதையும் கண்ணெதிரே உறுதிசெய்துகொள்ளுங்கள். இதில் கடைக்காரரின் வாய்மொழி உறுதியை ஏற்கக் கூடாது.

படி 5: முதல் வாரம்

அடிப்புற ஸ்டிக்கர்கள் அனைத்தையும், பெட்டியின் மேலுள்ளதையும் படம் எடுத்து வையுங்கள். தேய்ந்துபோகும் எழுத்துகள் அவை. பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்கும்படி பயாஸிலோ நிறுவனத்தின் மென்பொருளிலோ அமைத்துவிடுங்கள். நாள் முழுதும் மின்இணைப்பிலேயே இருக்கும் கணினிக்கு இந்த ஓர் அமைப்பு தரும் ஆயுளை வேறெதுவும் தராது, ஏனென்றால் லித்தியம் அயன் பேட்டரியை முதுமையாக்குபவை முழுச் சார்ஜில் நிற்பதும் வெப்பமும்தான். உத்தரவாதத்தை நீட்டிக்கும் வாய்ப்பு இருந்தால் அது காலாவதியாகும் முன்பே, விபத்துச் சேதத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

படி 6: ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

ஆண்டுக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து தூசியை எடுக்க வேண்டும். தூசி விசிறியின் இறக்கைகளில் இருப்பதைவிட, விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் கம்பளித் துணிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையெனில் அளவுக்கு மீறிச் சுழன்று கெடும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, பிராசஸரின் வெப்பத்தைக் குளிரூட்டும் அமைப்புக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது போதுமானது.

உலோக உடலுள்ள கணினியைச் சார்ஜில் வைத்துத் தடவும்போது விரலில் மெல்லிய அதிர்வு தெரிந்தால், சுவர்ப் பிளக்கில் எர்த் இல்லை என்றே பெரும்பாலும் பொருள். அது கணினியின் குறை அன்று. மின்பணியாளரை அழைக்க வேண்டிய வேலை.

டச்பேடு அழுந்த மறுத்தாலோ, கணினியை மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்வதும், அழுத்தி உள்ளே தள்ளுவதும், ஊசியால் குத்துவதும் ஆபத்தானவை. புதிய பேட்டரி வாங்கும்போது மாடல் பெயரைச் சொல்லாமல் பழைய பேட்டரியில் அச்சிட்ட பாக எண்ணைச் சொல்லி வாங்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினி சந்தையில் இருக்கும்போதே உதிரிபாகங்களை வாங்கிச் சேமிப்பது நல்ல பழக்கம்; விசிறி, கீபோர்டு, சார்ஜர், ஹிஞ்ச் ஆகியவை அலமாரியில் பல ஆண்டு கெடாமல் இருக்கும். பேட்டரியை மட்டும் அப்படி வாங்கி வைக்கக் கூடாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது முதுமையடையும். தேவைப்படும்போது, உற்பத்தித் தேதி அண்மையிலுள்ளதைக் கேட்டு வாங்குவதே சரி.

படி 7: போர்டு பழுதானால்

கணினி திடீரென்று உயிரற்றுப் போனால் நிறுவனத்தின் சேவை மையம் பெரும்பாலும் மதர்போர்டு முழுவதையும் மாற்றச் சொல்லும். செலவு புதிய கணினியின் விலையில் பாதியைத் தொடலாம். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் சிப் லெவல் தொழில்நுட்பரிடம் ஒருமுறை காட்டுங்கள். முதன்மை மின்வழியில் ஒரு சிறு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆவது, சார்ஜிங் ஐசி போவது, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் எரிவது, பயாஸ் சிப்பின் தகவல் குலைவது ஆகியவை அடிக்கடி நிகழ்பவை. சுற்றுப்படம் கையிலிருந்தால் இவை தீர்க்கக்கூடியவை. படி 2-இல் குறித்த போர்டுக் குறியீட்டைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். அந்தக் குறியீட்டைக் கேட்டதும் படம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரிந்தவரிடம் கொண்டு செல்லலாம். மாற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் சிப்பைச் சூடாக்கிச் சரிசெய்வதாக ஒருவர் சொன்னால் ஒதுங்கிவிடலாம். அது சில வாரங்களோ மாதங்களோதான் தாங்கும்.

படி 8: மென்பொருளின் ஆயுள்

வன்பொருள் நலமாயிருக்கும்போதே கணினியை ஓய்வுக்கு அனுப்புவது இப்போதெல்லாம் மென்பொருள்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். பழைய கணினி வாங்குபவர்கள் இந்த எல்லைக்குக் கீழே இறங்குவதானால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளம் ஒன்றில் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும். இணையம், எழுத்து, கணக்கு என்ற அளவில் அதுவே பல ஆண்டுகளுக்குப் போதும். குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு அந்த வழி ஒத்துவராது.

மதர்போர்டோடு டிஸ்ப்ளேயும் ஒருசேரப் போய், பழுதுச் செலவு அதே மாடலின் பழைய கணினி ஒன்றின் விலையை எட்டிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அப்போதும் நினைவகம், சேமிப்பகம், சார்ஜர், நல்ல நிலையிலுள்ள கீபோர்டு ஆகியவற்றைக் கழற்றி எடுத்துவிட்டே உடலைக் கொடுங்கள். சேமிப்பகத்தை எக்காரணம் கொண்டும் உடலோடு சேர்த்துத் தர வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது என்பதால், பிராண்டின் இணையதளத்திலேயே திரும்பப் பெறும் வழி குறிப்பிடப்பட்டிருக்கும். பேட்டரியின் இணைப்பு முனைகளை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டித் தனிப் பையில் போட்டு, அது பேட்டரி என்று மேலே எழுதிக் கொடுங்கள்.